அவ்வப்போது வந்து போனவளின் மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் நான்கு கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு மின்னஞ்சல், ஒன்று பதிவுத் தபால், ஒன்று நேரில் கொடுத்து இன்வர்டு முத்திரை வாங்கியது. ஒன்றுக்கும் பதில் இல்லை. குழுவில் தலைவர் உட்பட மூன்று பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஒருவேளை மொழிதான் தடையோ என்று ஐந்தாவதைத் தமிழில் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன் என்பதும் உண்மைதான், அதற்கு மன்னிக்கவும்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் நம் சட்டக் கல்லூரி எனக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழைத் திருத்தித் தர வேண்டும்.

சான்றிதழில் மொத்தமே இரண்டு வாக்கியம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இவர் 2012 முதல் 2025 வரை இக்கல்லூரியில் வருகை விரிவுரையாளராக அவ்வப்போது விரிவுரைகள் நிகழ்த்தியுள்ளார். இவரது நடத்தை நன்று." நடத்தைக்குக் கிடைத்த பாராட்டுக்கு நன்றி. அந்த 'அவ்வப்போது'தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அவ்வப்போது என்பது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். காலை ஏழரை மணி வகுப்புக்கு மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் ஆறு மணிக்கு முந்தைய லோக்கல் ரயிலைப் பிடித்தாக வேண்டும். திங்கள் முதல் சனி வரை வாரம் 12 லெக்சர். காலையில் எல்எல்.பி. பிள்ளைகளுக்குக் கம்பெனிச் சட்டம், சாயங்காலம் எல்எல்.எம். பிள்ளைகளுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை. இரண்டுக்கும் நடுவில் நூலகத்தில் மின்விசிறி ஓடும் ஒரே மேசை. மழை கொட்டி குர்லாவில் தண்டவாளம் மூழ்கிய நாட்களைத் தவிர நான் வராத நாட்களை எண்ணிவிடலாம். ஸ்டாஃப் ரூம் வாசலில் நீல அட்டை போட்ட மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒவ்வொரு லெக்சருக்கும் ஒரு கையெழுத்து. போடாவிட்டால் அந்த மணிக்குக் காசு கிடையாது என்பதால் போடாமல் விட்டதில்லை.

நான் சேர்ந்தபோது நடத்தியது 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சேர்ந்து மூன்றாவது மாதம், ஆகஸ்ட் 31 அன்று, சஹாரா குழுமக் கம்பெனிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தெரிந்த சிலருக்கு மட்டுமான தனிப்பட்ட வெளியீடு என்று பெயர் சூட்டி லட்சக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டினால் அது பொது வெளியீடுதான், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கண்ணுக்குத் தப்ப முடியாது, வட்டியோடு திருப்பிக் கொடு என்று சொன்ன தீர்ப்பு. அதை அச்செடுத்து ரயிலில் நின்றுகொண்டே படித்து மறுவாரமே வகுப்பில் நடத்தினேன். அடுத்த ஆண்டு புதுச் சட்டம் வந்தது, 470 பிரிவுகள். அதில் பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அந்தக் கோடை முழுக்க என் நோட்ஸைத் தலைகீழாகப் புரட்டி எழுதினேன். மறுஆண்டு, கம்பெனியின் உள் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் இன்சைடர் டிரேடிங் விதிகள் புதிதாக வந்தன. அதற்கடுத்து கம்பெனி லா போர்டு போய் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வந்தது, திவால் சட்டமும் கூடவே வந்தது. எங்களைப் போல மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் சி.எச்.பி. ஆசிரியர்களுக்கு மே மாதத்துக்கு என்று ஒரு பைசா கிடையாது. சட்டத்துக்கு அது தெரியாது. மே மாதம் என்று பார்த்து அது மாறாமல் இருப்பதில்லை.

இனி ஜூன் மாதம் நடந்தது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில், நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் அட்டவணையில், கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஐந்து ஆண்டு இருந்தாலே முழுசாகக் கிடைக்கும். எனக்குப் பதின்மூன்று. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சான்றிதழை இரண்டு தடவை படித்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "மேடம், அவ்வப்போதுன்னா வருஷத்துக்கு எத்தனை நாள்?" என்னிடம் பதில் இருந்தது, காகிதம் இல்லை. பென்சிலால் ஒரு சுழியம் போட்டார். அது எனக்குத் தெரியக் கூடாது என்று ஃபைலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டதும் தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திரும்பி வந்ததும் நேரே நம் அலுவலகத்துக்குத்தான் போனேன். மஸ்டரைக் காட்டினால் கணக்கெடுத்துக்கொள்கிறேன், நகல் எடுத்துத் தந்தால் போதும் என்றேன். "பழைய மஸ்டர் எல்லாம் ரத்திக்குப் போயாச்சே மேடம்" என்றார் கிளார்க். பதின்மூன்று வருடக் கையெழுத்து எடைக்குப் போய்விட்டது. கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்.

இப்போது உங்கள் கல்லூரியின் பிராஸ்பெக்டஸுக்கு வருகிறேன். இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அச்சடித்தது, வழுவழுப்பான தாள். ஒன்பதாம் பக்கத்தில் என் புகைப்படம். கீழே "பேராசிரியர், கம்பெனிச் சட்டம் மற்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை, நீண்ட கற்பித்தல் அனுபவம் உடையவர்" என்று போட்டிருக்கிறது. அதை நம்பித்தான் பிள்ளைகளின் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். பணம் வாங்கும்போது நான் பேராசிரியர். சான்றிதழ் கேட்டால் அவ்வப்போது வந்து போனவள்.

பிராஸ்பெக்டஸ் பற்றி நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. லண்டனில் ராயல் மெயில் என்ற கப்பல் கம்பெனி. 1928இல் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியது. பணம் போடுகிறவர்களுக்குக் கொடுத்த பிராஸ்பெக்டஸில், முந்தைய ஆண்டுகளில் பங்குதாரர்களுக்கு எவ்வளவு டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, கொடுத்தோம் என்று எழுதியிருந்தார்கள். அத்தனையும் உண்மை, ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தொழிலில் நட்டம் போய்க்கொண்டிருந்தது, போர்க்காலத்தில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் டிவிடெண்ட் கொடுத்தார்கள் என்பதை எழுதவில்லை. கம்பெனித் தலைவர் கைல்சன்ட் பிரபுவை 1931இல் பன்னிரண்டு மாதம் சிறைக்கு அனுப்பினார்கள். தனித்தனியாக ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் முழு ஆவணமும் பொய்யாக இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நம் 2013 சட்டத்தின் 34ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: சொல்லாமல் விட்டு ஏமாற்றுவதும் குற்றம்.

என் சான்றிதழுக்கு 34ஆவது பிரிவு பொருந்தாது என்று எனக்குத் தெரியும். நான் பங்கு வெளியீடு இல்லை. இருந்தாலும் கைல்சன்ட் வழக்கை இந்த வருடம் யாராவது நடத்துவார்கள். அந்த வகுப்பில் பின் பெஞ்சில் உங்களில் ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டால் நல்லது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1956 சட்டத்தில் 'இயக்குநர்' என்பதற்கு விளக்கம் இருந்தது: எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், அந்த இடத்தில் இருப்பவர் இயக்குநரே. எனக்கு ரொம்பப் பிடித்த வரி. வருகை என்று எழுதுங்கள், விருந்தினர் என்று எழுதுங்கள், இன்னும் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். வாரம் 12 லெக்சர் எடுத்தவள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. 2023 ஜனவரி 27 முதல் நம் நாட்டில் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 வந்துவிட்டது. இன்று விற்றால் நாளை கணக்கு முடிந்துவிடும். பாந்திரா குர்லா வளாகத்தில் இருக்கும் செபியின் அலுவலகத்துக்கும் நம் கல்லூரிக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் நான் அக்டோபரில் எடுத்த வகுப்புக்குப் பணம் மே மாதம் வருகிறது. இதற்கு டி+ எத்தனை என்று என் மாணவன் ஒருவன் கேட்டான்; அந்தப் பயலுக்கு அன்று அட்டெண்டன்ஸ் போடவில்லை என்பது வேறு கதை. ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர் ஆண்டுக்கு நான்கைந்து முறை கூட்டத்துக்கு வந்து போகிறார். அவருக்கு ஒரே மூச்சில் ஐந்தாண்டு வரை பதவிக்காலம் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. வருகை என்ற சொல் உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். போன பிப்ரவரியில் நீங்கள் நடத்திய 'நிறுவன நல்லாட்சி' கருத்தரங்கில் தலைமை விருந்தினருக்குச் சால்வை போர்த்தச் சொல்லி என்னைத்தான் மேடையேற்றினீர்கள். அன்று மைக்கில் என்னைப் "நம் மூத்த பேராசிரியை" என்றார்கள். கைதட்டலும் இருந்தது.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. மன்னிக்க வேண்டும். கேட்பதைப் பணிவாகவே கேட்கிறேன்.

நடத்திய பாடங்களின் பெயர், கல்வியாண்டு, வாரத்துக்கு இத்தனை லெக்சர் என்று எழுதி, 'அவ்வப்போது' என்பதை எடுத்துவிட்டு, ஒரு சான்றிதழ். மஸ்டர் இல்லை என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டின் டைம்டேபிளையும் என் டைரிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், பதின்மூன்றும் இருக்கின்றன, பிரின்சிபால் கையெழுத்தோடு. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கொடுங்கள். என்னைப் போல் இன்னும் ஆறேழு பேர் இதே சான்றிதழை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களுடையதையும் சேர்த்துத் திருத்திக் கொடுங்கள்.

அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த மாதம் 28. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டைரிகளோடு அலுவலகத்துக்கு வருகிறேன். இந்த முறை மஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வெளியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிராஸ்பெக்டஸின் ஒன்பதாம் பக்கத்தில் இருப்பவள்
மும்பை