என் கடிகாரம், அதன் யோசனை

ஆசிரியருக்கு வணக்கம்.

சதுரங்க மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வேகத்தைத்தான் புகழ்கிறார்கள். நாம் யோசிக்கும் நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

தினமும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருளுடன் ஆடுகிறேன். அதில் 'பாண்டர்' என்றொரு வசதி உண்டு. நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். இயக்கிவிட்டால், தன் காயை நகர்த்திய கையோடு என் பதில் இன்னதுதான் என்று ஒன்றை ஊகித்து, அதை நான் ஆடிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே கணக்குப் போடும். ஊகம் பலித்தால் என் கடிகாரத்தில் ஓடிய நேரமெல்லாம் அதற்கு லாபம். ராணியை அது வெட்டி, நான் திருப்பி வெட்டியே ஆகவேண்டிய இடமென்றால் கேட்கவே வேண்டாம், பதில் சட்டென்று வந்து விழும். நான் வேறு மாதிரி ஆடினால் புதிதாகத் தேடும். அப்போதும் நினைவகத்தில் சேர்ந்ததில் கொஞ்சம் கைகொடுக்கும். (மடிக்கணினியின் விசிறி என் முறையிலும் இரைவது இதனால்தான்.)

ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்களை மோதவிடுகிற இளைஞர்கள் இதை அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒன்றின் முறையில் மற்றது செயலியைப் பங்குபோடும், முடிவை நம்ப முடியாது. உங்கள் சதுரங்கப் பகுதியில் இதை ஒருமுறை விளக்கி எழுதலாமே.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருவாரூர்