மால்டாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"இங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், ஆனால் தங்களுக்குள் அரபு மாதிரி ஏதோ பேசிக்கொள்கிறார்கள் அப்பா" என்று போன வாரம் போனில் சொன்னாய். அந்த மால்டீஸ் மொழி கோர்ட்டுக்குள் நுழைந்த கதையில் பிரிட்டிஷ் பேரரசை ஆதரித்த ஒரு கட்சி இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்த எனக்கு இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதன் பெயர் அரசியலமைப்புக் கட்சி. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மால்டாவுக்கு 1921இல் தன்னாட்சி கிடைத்தபோது தோன்றியது. தலைவர் ஜெரால்டு ஸ்ட்ரிக்லேண்டு. அப்பா ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, அம்மா மால்டாப் பிரபுக் குடும்பம். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா, நியூ சவுத் வேல்ஸ் என்று ஆளுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மால்டா பேரரசோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்போது கோர்ட்டிலும் வக்கீல்கள் மத்தியிலும் இத்தாலியன்தான். மீன் பிடிக்கிறவர் தன் மீதே நடக்கும் வழக்கைக் கேட்டுக்கொண்டு புரியாமல் நிற்க வேண்டியதுதான். இத்தாலியக் கலாச்சாரத்தோடு ஒட்டியிருந்த தேசியவாதக் கட்சிக்காரர்கள் இத்தாலியனை விடமாட்டோம் என்றார்கள். ஸ்ட்ரிக்லேண்டின் ஆட்களோ ஆங்கிலமும் மால்டீஸும் வேண்டும் என்றார்கள். பிரிட்டிஷாருக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது: முசோலினியின் இத்தாலியிடமிருந்து தீவைத் தள்ளிவைக்க வேண்டுமே! 1934இல் இத்தாலியன் போய், அடுப்பங்கரை மொழியாக இருந்த மால்டீஸ் ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி ஆனது.

அந்நியக் கொடி பிடித்தவர்கள் தாய்மொழிக்காக நின்றது எனக்கு இன்னும் தொண்டையில் முள்ளாக இருக்கிறது. பேரரசை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். ஆனாலும் கோர்ட்டில் நின்ற அந்த மீனவர் பக்கம்தான் மனது போகிறது.

அப்புறம், 1927இல் தொழிற்கட்சி துணையோடு ஸ்ட்ரிக்லேண்டு பிரதமரானார். கத்தோலிக்க சர்ச்சோடு சண்டை முற்றியது. 1930 மே மாதம், வரவிருந்த தேர்தலில் அவருக்கோ அவர் கூட்டாளிகளுக்கோ ஓட்டுப் போடுவது சாவான பாவம், அதாவது ஆன்மாவையே அழிக்கும் பெரும் பாவம் என்று ஆயர்கள் சுற்றுமடல் விட்டார்கள். போட்டவருக்குப் பாவமன்னிப்பு, நற்கருணை மாதிரியான திருவருட்சாதனங்கள் கிடையாது. கோவிலே உலகம் என்று வாழ்ந்த ஊரில் அது எவ்வளவு பெரிய இடி! அந்தத் தேர்தலே நடக்கவில்லை. லண்டன் அரசியலமைப்பை நிறுத்திவைத்தது. 1932இல் திருச்சபையிடம் மன்னிப்புக் கேட்டும் தோற்றார். 1940இல் காலமானார். பிறகு அவர் மகள் மேபல் தனிக்கட்சி நடத்தினார். 1964இல் சுதந்திரமே வந்துவிட்டது.

உன் வார்டில் தொண்ணூறு தாண்டிய பாட்டி யாராவது இருந்தால், மருந்து கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டுப்பார், அந்த மடலைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று. மால்டீஸில் சொன்னால் அப்படியே தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா