வியாசர்பாடி பாட்டு வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பரீட்சை நேரம் தவிர ஒழுங்காக நடந்தது. அக்டோபர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றதால் கொஞ்ச நாள் தடைபட்டது. ஆர்மோனியத்தின் துருத்தியை மாற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இனி, இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய, கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்ட விஷயம். “பிள்ளைங்க சந்தோஷமா பாடுற பாட்டா சொல்லிக் கொடுக்கணும்” என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அன்றைக்கு எல்லோரும் கை தூக்கினோம். எது சந்தோஷமான பாட்டு என்று கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

பிள்ளைகள் கேட்டது சினிமா குத்துப்பாட்டு. வார்த்தைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கேட்ட அம்மாக்களுக்குத் தெரியும். ஆனால் பாட்டு மாஸ்டர் காட்டிய சிக்கல் வேறு. ஆண் பாடகர்களுக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டை சுருதி சரியாக இருக்கும் (கட்டை ஏற ஏறக் குரலும் உயரும்). எட்டு வயதுப் பிள்ளைக்கு நாலு, ஐந்து கட்டைக்குப் போனால்தான் குரல் திறக்கும். செல்போனில் ஓடும் பாட்டோடு சேர்ந்து பாடும்போது கீழ் ஸ்தாயியில் முனகுகிறார்கள், இல்லாவிட்டால் மேலே போய்க் கத்துகிறார்கள். “இவனுக்குக் குரலே இல்ல” என்று வீட்டில் சொல்லப்பட்ட ஒரு பையனுக்கு அதே பாட்டை ஐந்து கட்டையில் பிடித்துக் கொடுத்தார் மாஸ்டர். பையன் பாடினான். முடிந்ததும், “இன்னொரு தடவ சார்” என்றான். எங்கள் செயற்குழு விவாதங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவாக இருந்தது.

அதிலிருந்து வகுப்பில் சுருதியைப் பிள்ளைகளுக்கு ஏற்பத்தான் வைக்கிறோம். பெரியவர்கள்தான் அனுசரித்துப் போகிறார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு மோகன ராகத்தில் சின்னச் சின்ன மெட்டுகள். அதில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. ஐந்தே ஸ்வரம், நெருக்கமான அரைஸ்வரத் தொல்லை இல்லை, பிள்ளைகள் தடுமாறுவது குறைவு. நடைக்குத் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாகப் போகும் தாளக் கணக்கு. ‘தகிட தகிட’ என்று ஆரம்பித்தால் போதும், உட்கார் என்று சொன்னாலும் உட்கார மாட்டார்கள்.

அப்புறம் பறை. ஜூலையில் பறை கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, “எங்க வீட்டுப் புள்ள கையில சாவு மேளமா?” என்று ஓர் அம்மா நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் பக்கத்தில் பிள்ளைகள் பறையை முதலில் கேட்பதே சாவு ஊர்வலத்தில்தான். கானாவும் அப்படித்தான், சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாட்டுக்கு ஒரு மரியாதை உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் காசிமேடும் வளர்த்த ஓர் இசையில் துக்கம் மட்டும்தான் பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டுமா? கல்யாணத்துக்கும் கானா பாடியவர்கள்தானே நம் தாத்தாக்கள்?

அதனால் டோலக்கையும் சட்டியையும் நடுவில் வைத்து, கானா மெட்டில் பிள்ளைகளையே வரி கட்டச் சொன்னோம். வந்ததில் ஒன்று:

லாரி தண்ணி வந்தாச்சு, குடம் எடுத்து ஓடு டோய்
பூரி சுட்ட வாசத்துக்குப் பூனை கூட ஆடுது டோய்

‘லாரி’க்கு ‘பூரி’ என்று எதுகை போட அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வி கேட்ட அம்மாவின் மகள்தான் இப்போது பறையில் முன்வரிசை.

மழைக்காலத்தில் தோல் தளர்ந்து பறை ‘தொப் தொப்’ என்றது. வழக்கமாகத் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். மாடி அறையில் அது முடியாது. பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெற்றோர் ஹேர் டிரையர் கொடுத்து உதவினார். அவருக்கு நன்றி. கரண்ட் பில் சங்கத்தைச் சேர்ந்தது. ஃபைபர் பறை வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. சத்தம் தோல் பறை போல வராது என்பது என் கருத்து, முடிவைப் பொதுக்குழுவுக்கு விடுகிறேன்.

வடசென்னை என்றால் கானா மட்டும்தானா என்று கேட்டவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் ஒரு காலத்தில் நம் வடசென்னை மணலியில், மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்தது. ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார் தீட்சிதர். நோட்டு ஸ்வரம் என்பது அதுதான். எல்.கே.ஜி.யில் ட்விங்கிள் ட்விங்கிள் என்று பிள்ளைகள் பாடுகிற மெட்டிலேயே ‘ச்யாமளே மீனாக்ஷி’ இருக்கிறது. மாஸ்டர் இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டியபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஆர்மோனியத்தில் ஸ்வரம் ஸ்வரமாக வாசித்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. மணலி, பஸ் ஏறினால் போய்விடும் தூரம் என்று ஒரு பெரியவர் சொல்ல, அது எந்த பஸ் என்பதில் கொஞ்ச நேரம் போனது.

ஆண்டு விழா பற்றி. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் கட்ட வேண்டும் என்று சிலர், வேண்டாம் என்று சிலர். நான் வேண்டாம் பக்கம். குழந்தைகள் வாரம் 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேடைக்கு நேர் எதிரே கைக்குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு, சந்தோஷமான இசை என்று நாம் பேச முடியாது. கடைசியில் இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு நடத்தினோம். இரவு பத்து மணிக் கெடுவுக்கு வெகு முன்பே முடித்துவிட்டோம். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்ற புகார் நியாயமானது. வரும் ஆண்டு இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை நடுவில் வைக்கலாம்.

வரும் ஆண்டுக்கு வேண்டியவை: டோலக் ஒன்றுக்குப் பக்கத்தோல் மாற்ற வேண்டும், பாய் போதவில்லை, மாடிப்படியில் பல்பு எரியவில்லை. சுருதிப்பெட்டி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் தயவுசெய்து கொடுங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே நான் படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் வழியில்தான் அவர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்