பத்மினிக்குப் புதுத் தரை

கோத்தகிரி
ஜனவரி 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நான் பதில் போடாததற்குக் காரணம் தெரிந்தால் சந்தோஷப்படுவாய். அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காருக்கு நானே வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

1983 மாடல், ஸ்டியரிங்கிலேயே கியர். உன் கல்யாணத்துக்கு ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்தோமே, அதே வண்டிதான். தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா தடுத்துவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு விடாமல் ஊற்றும். அந்த ஈரம் வண்டியின் தரையைத் தின்றுவிட்டது. டிரைவர் காலடியில் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பட்டறையில் விட்டேன். துருவை வெட்டாமலே மேலே தகரத்தை ரிவெட் அடித்துப் பட்டி பூசிக் கொடுத்தார்கள். இந்த மழையில் ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும் பெயர்ந்து வந்தது. பத்மினிக்கு அடியில் தாங்குகிற தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, உடம்பேதான் சேசிஸ். தரை போனால் வண்டியின் பலமே போச்சு. அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து வைத்த வண்டியை அப்படி விட மனசு வரவில்லை.

பாலிடெக்னிக்கில் அந்த எண்ணெய் டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷினை நாலு பேர் தள்ளுவோமே! இப்போது இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் சூட்கேஸ் அளவுக்கு வந்துவிட்டது. கோவையில் 13,500 ரூபாய்க்கு வாங்கி, பஸ்ஸில் காலடியில் வைத்தே கொண்டுவந்தேன். வெல்டிங் குச்சியை, அதாவது ராடை, மாட்டி வைக்கும் மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தகரத்தில் ராடு வைத்தால் ஓட்டைதான் விழும். அதனால் ஒயர் ஓடுகிற மிக் மெஷினே எடுத்தேன், அதுவும் உருகுகிற இடத்தில் காற்றுப் படாமல் மூடும் கேஸ் இல்லாமலே வேலை செய்வதாக. சிலிண்டரை நிரப்ப ஒவ்வொரு தடவையும் மலை இறங்க முடியுமா? நம் கொட்டகையில் அடிக்கிற காற்றுக்குக் கேஸ் நிற்கவும் நிற்காது. பிளக்ஸ் கோர் ஒயருக்குள்ளேயே மருந்து இருக்கிறது, உருகுகிற இடத்தை அதுவே மூடிக்கொள்கிறது. நான் போடுவது 0.8 மில்லிமீட்டர் ஒயர்.

முதல் நாள் கடுகு வெடிப்பது போல எங்கும் தெறித்தது. தையல் பிடிக்கவே இல்லை. அரை நாள் கழித்துத்தான் மூடியைத் திறந்து பார்த்தேன். கேஸ் ஒயருக்கு ஏற்றபடி டார்ச், அதாவது கையில் பிடிக்கிற வெல்டிங் முனை, பாசிட்டிவில் மாட்டியிருந்தது. இந்த ஒயருக்கு டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், வண்டித் தகரத்தில் கவ்வ வைக்கிற எர்த் கிளாம்ப் பாசிட்டிவில். மாற்றியதும் சத்தமே சீராகிவிட்டது. நீ வாங்கினால் முதலில் இதைப் பார்.

அப்புறம் கரண்ட். வீட்டிலிருந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே மாட்டியிருந்தேன், தொட்டால் சுட்டது. இப்போது பவர் பிளக்கிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கேபிளை முழுக்க விரித்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது, அதனால் காலையிலேயே வேலையை முடித்துவிடுகிறேன்.

வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிளை வைத்து, போல்ட் போட்டு இறுக்கினேன். இல்லாவிட்டால் தரையை எடுத்ததும் வண்டி தொய்ந்து, கதவு சாத்தாது. துருவைப் பளபளவென்று நல்ல தகரம் தெரியும் வரை வெட்டினேன். புதுத் தகரம் 20 கேஜ் சி.ஆர். ஷீட், பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு. கூரை வேய்ந்து மிஞ்சிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் கையில் இருந்தது, ஆனால் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால் தொடவில்லை.

வைக்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது, மாப்ளே. முதலில் ஒரே இழுப்பில் இரண்டு அங்குலம் ஓட்டினேன், தகரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. இப்போது ஒரு நொடி ஒரு பொட்டு, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி. கை வைத்தால் சூடு பொறுக்கும் என்கிற வரை காத்திருந்துதான் நடுவில் அடுத்தது. பின்பக்கம் செம்புப் பைப்பைத் தட்டித் தட்டையாக்கிப் பிடிக்கிறேன். செம்பில் வெல்டிங் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும், ஓட்டை விழுவதில்லை. ஒரு முழத் தகரத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. ஆனால் கிரைண்டர் போட்டுத் தேய்த்தபின் விரலால் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்ரோல் டேங்க்கை முதல் நாளே கழற்றி வீட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன், பேட்டரியையும் எடுத்துவிட்டேன். அப்படியும் அடியில் இருந்த பழைய தார் ஒரு முறை பிடித்துக்கொண்டது. உன் தங்கச்சி ஈரச் சாக்கோடு பக்கத்திலேயே நின்றதால் உடனே அணைந்தது. தனியாக இந்த வேலையைச் செய்யவே கூடாது.

இடது பக்கம் இன்னும் பாக்கி. பிப்ரவரியில் மழை இருக்காது, பனியும் காலையோடு போய்விடும். நாலு நாள் வந்து இரு. நீ அடியில் குனிய வேண்டாம், ஈரச் சாக்கைப் பிடித்தால் போதும். வரும்போது உன் மாமாவின் டிங்கர் சுத்தியலையும், தட்டும்போது பின்பக்கம் முட்டுக்கொடுக்கிற தாங்குகட்டையையும் மறக்காமல் கொண்டு வா. பின் மட்கார்டு நெளிவை அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உன் வீட்டில் தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கோத்தகிரிக்காரன்