மூன்றாவது பொத்தான்

அன்புள்ள மைனா,

நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? நான்கு மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், முதலில் இதைப் படி. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வியாழக்கிழமைதான் வீடு திரும்பினோம். பதறாதே. உட்காருகிறார், பேசுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் எண்ணை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

காலை ஏழு மணி. கண்ணாடி முன்னால் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். வலது கை விரல்கள் பொத்தானைப் பிடிக்கின்றன, துளை வரைக்கும் கொண்டுபோகின்றன, வழுக்கிவிடுகின்றன. மறுபடியும் அதே. "நேரமாகலையா?" என்றேன். திரும்பி ஏதோ சொன்னார், ஒரே குழறல். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எங்கள் கல்யாணத்தன்றே நம் கணக்கு டீச்சர் மாதிரி பேசிக்காட்டி உன்னை அழ வைத்தவர். அதே வேலையைக் காட்டுகிறார் என்று நினைத்து, "விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மைனா, அந்தப் பத்து நிமிடம்தான் என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது.

திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயின் வலது ஓரம் தொங்கிப் போயிருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடது கை நின்றது, வலது கை தானாக இறங்கியது. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று ஜாடை காட்டினார். நான் கேட்கவில்லை, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். சத்தம் கேட்டு மாடிவீட்டு அண்ணன் ஓடி வந்தார், கையில் தான் தினமும் போடும் ஆஸ்பிரின். "இதைக் கொடும்மா, நெஞ்சுக்கு நல்லது" என்றார். தண்ணீர் டம்ளரோடு இவர் வாய் வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பெண் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். வாய்க்கு எதுவும் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும் என்றாள். மாத்திரையும் கூடவே கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை இன்னும் மோசமாக்கிவிடுமாம். விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தாள். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டாலும் இதே மாதிரிதான் குழறுமாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வசதி இல்லை என்று, அதைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே ஓட்டச் சொன்னாள். அவள் யாரோ, பெயர்கூடக் கேட்கவில்லை. தினமும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேர் மாற்றி மாற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" நான் பொத்தான் கதையைச் சொல்ல, அது வேண்டாம், அதற்கு முன்னால் என்றார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை நாம் கவனித்ததிலிருந்து எண்ணமாட்டார்கள், கடைசியாக நன்றாக இருந்ததிலிருந்துதான் எண்ணுவார்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் முந்தின ராத்திரியிலிருந்து கணக்கு. எனக்கு மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் சட்டென்று ஞாபகம் வந்தது, குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினாரே! அப்போது வானொலியில் 6.40 செய்தி ஆரம்பித்திருந்தது. காது கிழியக் கத்துகிறார் என்று எத்தனை நாள் உன்னிடம் புலம்பியிருக்கிறேன். அந்தக் கத்தல்தான் அன்றைக்கு எங்களுக்குக் கணக்காக ஆனது.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மருந்து போடலாம், ஆனால் 100 பேரில் 6 பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர். பெரியவளுக்குப் போன் போகவில்லை. தனியாகத்தான் போட்டேன். என் கையெழுத்தே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முதலில் ஒரு பங்கை ஊசியில் ஏற்றினார்கள், மீதி ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மதியத்துக்குள் வலது கட்டைவிரல் அசைந்தது.

காரணம் கேட்டால் உனக்கும் கோபம் வரும். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறதாம். மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே படபடத்தால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகுமாம், அது மூளைக்கு ஏறிப் போய் அடைத்துக்கொள்ளுமாம். இரண்டு மாதமாகவே மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை! பயப்படுவேனாம். இப்போது மட்டும் என்ன?

மூளையில் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் செல்கள் சாகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. படித்ததிலிருந்து அதைப் பத்தால் பெருக்கிக்கொண்டே இருக்கிறேன். டாக்டரிடம் கேட்டேன். "பத்து நிமிஷத்தில் கிளம்பிட்டீங்களேன்னுதான் நான் பார்ப்பேன், ராத்திரி வரைக்கும் படுக்க வைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம்" என்றார். பகலில் அது போதுமாக இருக்கிறது. ராத்திரியில் போதவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை இஷ்டப்பட்டால்தானே போடுவார்? அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. உங்கள் பக்கத்தில் ராத்திரியும் ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து வை. எனக்காகச் செய்.

வருவாயா? சின்னவனுக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு நாள் வந்து இரு. மதியம் போன் பண்ணாதே, தூங்குகிறார். நாலு மணிக்கு மேல் பண்ணு. கேரம் பாக்கியை நீ இன்னும் தீர்க்கவில்லை என்று நினைவுபடுத்தச் சொன்னார். கீழே கோணலாக இருக்கிற வரி அவர் எழுதியது, வலது கையால்தான். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

உன்
குருவி

மைனா, 40 புள்ளி பாக்கி.