முதல் சொட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறு நீ போனில் "பி.எட். சேரப்போறேன்பா" என்றதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். நீ தப்பாக எடுத்திருப்பாய். வருத்தம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஆறு வருடம் பிஎச்.டி., அப்புறம் மூன்று வருடம் போஸ்ட்டாக் ஆராய்ச்சி. "இவ்வளவு படிச்சிட்டு ஸ்கூலுக்கா?" என்று அம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்கூலிலேயே முப்பத்தோரு வருடம் வேதியியல் எடுத்தவன் நான். அந்தக் கேள்வி என்னையும் குத்தியது.

அரசுப் பள்ளி என்றால் உன் டாக்டர் பட்டம் மட்டும் போதாது. பி.எட். இரண்டு வருடம், அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டி.ஆர்.பி. தேர்வு. 150 கேள்வியில் 110 வேதியியல், 30 கல்வியியல், 10 பொது அறிவு. தமிழுக்குத் தனித் தகுதித் தாள். கல்வியியலை மட்டும் லேசாக நினைக்காதே.

இன்னொன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வருடம் பிளஸ் டூ பிராக்டிகல். ஆக்ஸாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும். அமிலம் இருந்த குடுவையைச் சூடாக்கி, ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைத் திறந்தாள் ஒரு பெண். முதல் சொட்டு விழுந்தது. அந்த ஊதா நிறம் போகவே இல்லை. குடுவையைச் சுழற்றிக்கொண்டே நின்றாள். ஒருவழியாக நிறம் போனது. அடுத்தடுத்து விட்ட சொட்டெல்லாம் விழுந்த மாத்திரத்தில் மறைந்தன. "ஏன் சார், முதல் சொட்டு மட்டும் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கி. முதல் சொட்டின்போது அது இருக்காது, அதனால்தான் தாமதம். ஆனால் பின்னால் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், பெல் அடிக்கப் போகிறது. "குடுவை ஆறிடும், சீக்கிரம் முடிம்மா" என்றேன். அவள் ரீடிங் பக்கத்துப் பெண்ணோடு ஒத்துவரவில்லை என்றதும், அவளுடையதை அடித்துவிட்டு மாற்றி எழுதவும் சொன்னேன். பிராக்டிகலுக்கு 20 மார்க், அது போய்விடக் கூடாது என்று பயம். அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, ஒரே வினை எட்டு மாதமாக வரவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு அழுதாய். அப்போதும் நோட்டில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை நீ. வராததை வரவில்லை என்றே எழுதினாய். அந்தப் பழக்கத்தோடு ஒருத்தி எங்கள் லேபுக்குள் வந்து நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். பையன் தப்பான ரீடிங்கைக் கொண்டுவந்தால், "எங்கே, இன்னொரு தடவை செய்து காட்டு, பார்ப்போம்" என்று அவன் பக்கத்தில் நிற்பாய். எனக்கு அது வாய்க்கவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வருகிறோம் என்று நீ குன்றிப்போக வேண்டாம்.

கஷ்டமும் உண்டு. நீட் கவலையில் இருக்கும் பிள்ளைகள் "இது கேள்வியில் வருமா மிஸ்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கோபப்படாதே. அவர்கள் வீட்டு நிலைமை அப்படி.

அடுத்த மாதம் வரும்போது எம்.எஸ்சி. மார்க் ஷீட், டி.சி. எல்லாம் அசலாக எடுத்து வா. திரவத்தை அளந்து எடுக்கும் என் 20 மி.லி. பிப்பெட் குழாய் பீரோ மேல்தட்டில் துணி சுற்றி இருக்கிறது. நுனி உடையவில்லை. நீ எடுத்துக்கொள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா