மேஸ்திரிக்கு ஒரு ஜாகை வேண்டும்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கோமு,

இங்கே எல்லாரும் நலம், அத்தையின் முழங்காலைத் தவிர. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பத்மா சொன்னாள். சொட்டு மருந்து விட்ட கையோடு சீரியல் பார்க்க உட்காரவிடாதே. சரி, விசாரிப்பு முடிந்தது.

யாழினிக்கு உங்கள் ஊரில் சீட் கிடைத்துவிட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகம், பி.எஸ்ஸி. அக்ரி, நான்கு வருடம். மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கத்தரிச் செடியைக்கூடக் காய்க்க வைக்கத் தெரியாத குடும்பத்திலிருந்து ஒரு வேளாண் விஞ்ஞானியா என்று நீ ஆரம்பிப்பாய். வேண்டாம், என் தம்பி முந்திக்கொண்டான். இவர் மட்டும் வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்து, "அந்தக் காலேஜே நம்ம மெட்ராஸ்தான் சார். 1868-ல சைதாப்பேட்டையில பண்ணைப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சு, 1906-ல கோயம்புத்தூருக்குக் குடிபோச்சு. எம் பொண்ணு அதே வழியில போறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பால்காரருக்கு இது இப்போது மனப்பாடம்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் குறுக்கே படுத்திருப்பது மேஸ்திரி. நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். பக்கத்து மனையில் ஃபிளாட் கட்டினார்களே, அந்த மணல் குவியலின் உச்சியில் உட்கார்ந்து சித்தாள்களை முறைத்துக்கொண்டிருந்த குட்டி. பெண் பூனை என்று தெரிவதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஒரு ஆடு, பின்னால் ஒரு ராஜபாளையம், நடுவில் நான் கூடையோடு. அப்படி வரிசையில் நின்று கருத்தடை, ரேபிஸ் ஊசி எல்லாம் முடித்து வைத்திருக்கிறேன். என் பிரசவத்துக்குக்கூட இத்தனை காகிதம் சேரவில்லை.

ப்ளஸ் டூ வருடத்தைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. போனில் சொல்ல வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கை நடுங்கும். மூச்சு முட்டுகிறது என்பாள். இதயத்தில் ஏதோ என்று பயந்து ஈசிஜி எடுத்தோம், ஒன்றுமில்லை. பிறகுதான் அண்ணா நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்குத் தெரிந்த அன்று வீட்டில் நடந்ததை எழுத வேண்டுமா? "படிக்கிற பொண்ணைக் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆக்கிட்டியே" என்றார்கள். அந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள், பாவம். நான் பதில் பேசவில்லை. மறுநாளும் யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

மருந்து கொடுத்தார்கள், பேசவைத்தார்கள். இரண்டும் வேலை செய்தன. பூனைதான் குணமாக்கியது என்று நான் சொல்லமாட்டேன், அப்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் கோமு, மருந்து பிடிக்கிற வரைக்கும் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரங்களை அவள் தாண்டியது மேஸ்திரியால். விடிந்தால் அது சோற்றுக்கு அவள் கதவைப் பிறாண்டும். எங்கள் யாரிடமும் வராது. அவள் எழுந்தே ஆகவேண்டும், மீனைப் பிசைந்தே ஆகவேண்டும், மணல் தட்டைச் சுத்தம் பண்ணியே ஆகவேண்டும். நான் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற பெண், அதற்காக எழுந்தாள். ராத்திரியில் நடுக்கம் வந்தால் அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுவும் சும்மா கிடக்கும். வேறு யார் அப்படித் தொட்டாலும் கீறிவிடும், என் கையில் அடையாளம் இருக்கிறது.

ஆக, பெட்டியில் பாவாடை, சுடிதாரோடு பூனையையும் வைக்கப் பார்க்கிறாள். ஹாஸ்டலில் அனுமதி வாங்க வழி தேடுகிறேன் என்று இன்டர்நெட்டில் மூழ்கி, ஒரு கட்டு பிரிண்ட் எடுத்து வந்தாள். எல்லாம் அமெரிக்கா. அங்கே மனநலத்துக்காக வளர்க்கிற பிராணி என்று மருத்துவர் கடிதம் கொடுத்தால், கல்லூரி விடுதிகூட அதைப் பரிசீலித்தாக வேண்டுமாம். நெப்ராஸ்காவில் ஒரு மாணவி, பதற்ற நோய்க்காக ஒரு குட்டி நாயை வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறாள், பல்கலைக்கழகம் மறுத்திருக்கிறது. மாணவர் விடுதியும் குடியிருப்புதான், வீட்டுவசதிச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2013-ல் கோர்ட் சொல்லிவிட்டது. இதைச் சொல்லும்போது இவளே அந்த வழக்கில் வாதாடிய மாதிரி முகம். அதே கட்டுக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது, அதை நான்தான் எடுத்துப் படித்தேன். விமானத்திலும் இதே சலுகையைச் சொல்லி ஆளாளுக்கு ஏதாவது பிராணியைக் கொண்டுவர ஆரம்பித்து, 2018-ல் நியூவார்க்கில் ஒருத்தர் மயிலோடு வந்து நிற்க, ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 2021 ஜனவரியிலிருந்து அந்தச் சலுகையை விமான நிறுவனங்கள் தரவேண்டிய கட்டாயமே இல்லை. மயில்மேல் பயணம் போக உங்கள் மருதமலை முருகனுக்கு மட்டும்தான் லைசென்ஸ் என்றேன். சிரிக்கவில்லை.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இவர் உட்கார்ந்து படித்தார். சிகிச்சை பெறும் உரிமை இருக்கிறது, பூனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணம் கட்டினால் உடனே "பதிவுச் சான்றிதழ்" அனுப்புகிறோம் என்கிற வெப்சைட்டுகளும் உண்டு. அமெரிக்காவிலேயே அந்தக் காகிதத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது, நம் ஊர் வார்டனிடம் நீட்டினால் வடை மடிக்கத்தான் ஆகும்.

சட்டம் தோற்றதும் எடுத்தாளே ஒரு அஸ்திரம், அதற்கு நீதான் காரணம். நம் ஹாஸ்டல் ரூமில் அட்டைப்பெட்டியில் குடித்தனம் நடத்திய "சின்ன வார்டன்" பூனையின் கதையை அவளுக்கு யார் சொன்னது? "நீங்க வச்சிருந்தீங்கதானேம்மா?" என்று கேட்கிறாள். சொன்னதுதான் சொன்னாய், அது எப்படி முடிந்தது, லீலா மேடத்தின் புடவை என்ன ஆனது, நீ ஏன் ஒரு வாரம் மெஸ் பக்கம் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குக் கேட்டால் ஹாஸ்டல்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே அறையில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள். ஒருத்திக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாமல் தும்மல் பிடித்தால் அவள் எங்கே போவாள்? பூனைக்கும் அது நரகம்தான். பகல் முழுக்கப் பூட்டிய அறை, புது ஆட்கள், சத்தம். ஆளைவிட இடத்தைப் பிடித்துக்கொள்கிற ஜந்து. இதைச் சொன்னதும் மட்டும் யாழினி கொஞ்சம் அடங்கினாள். மேஸ்திரிக்குக் கஷ்டம் என்றால் அவளால் தாங்க முடியாது.

டாக்டரம்மா சொல்வது வேறு. முதல் ஒன்றிரண்டு மாதம் பூனை சென்னையிலேயே இருக்கட்டும், அவள் மனிதர்களிடம் பழகட்டும், மனசு சரியில்லாவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று பேர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்றார். ராத்திரியில் யாரும் எடுக்காவிட்டால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ், அதையும் போனில் பதியச் சொன்னார். பதிந்துவிட்டாள். இவருக்கு டாக்டர் சொன்னது வெல்லக்கட்டி. பூனை வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போகிறேன் என்று குதித்த மனுஷன், இப்போது ஞாயிற்றுக்கிழமை நமக்கு வஞ்சிரம் வாங்குகிறாரோ இல்லையோ, அதற்கு மத்தி வாங்காமல் வருவதில்லை. "இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன், டாக்டரே சொல்லிட்டாங்க" என்கிறார். யாருக்காகப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

நான் டாக்டரோடு ஒத்துப்போகவில்லை. அவர் படித்தவர், நான் வெறும் அம்மா, சரி. ஆனால் புது ஊர், புது சாப்பாடு, புது ஆட்கள் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்வது முதல் மாதத்தில்தான். பழக்கமான எல்லாவற்றையும் அந்த மாதமே அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டுமா? நான்காவது மாதம் எடுத்தால் ஆகாதா? டாக்டரம்மாவிடமே இதைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பக்கத்தில் எங்காவது இருந்து, வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹாஸ்டலிலிருந்து தப்பி ஓடுகிற இடமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது" என்றார். எனக்கு அது போதும்.

பக்கத்தில் என்றால் நீதான். வடவள்ளியிலிருந்து அவள் காலேஜுக்கு மருதமலை ரோட்டில் நேர் பஸ். முதல் செமஸ்டர் மட்டும் மேஸ்திரி உன் வீட்டில் இருக்கட்டுமா? ஞாயிறு வந்து பார்ப்பாள், மணல் தட்டை அவளே கழுவி வைத்துவிட்டுப் போவாள். செலவு என்னுடையது, இதில் சண்டை போடாதே. இதைப் போனில் கேட்டால் நான் முடிப்பதற்குள் "கொண்டுவாடி" என்று சொல்லிவிட்டு, அப்புறம் ராத்திரி பூரா உன் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மாமியாருக்கு இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முடியாது என்றால் முடியாது என்று எழுது. நமக்குள் என்ன?

முடியும் என்றால் சில விஷயம். முதல் சில நாள் ஒரே ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடு. யாழினி படுத்த பழைய போர்வையைத் துவைக்காமல் கொண்டுவருகிறேன், அது அந்த அறையில் கிடக்கட்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சாப்பிடாது, பயப்படாதே, கெஞ்சாதே. ஆனால் முதல் நாள் தாண்டியும் வாயில் ஒன்றும் வைக்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடு, பூனை ரொம்ப நேரம் பட்டினி கிடந்தால் ஈரலுக்கு ஆபத்து. பால் வைக்காதே. பூனை என்றால் பால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் செரிக்காது, உன் வீட்டுக் கூடம்தான் நாறும். மேல் சுடுகிறது என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதே, உயிர் போய்விடும். உன் லவ் பேர்ட்ஸ் கூண்டைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டு. அந்த ஜன்னல் பலகை எல்லாம் மேஸ்திரிக்குக் கட்டட ஏணி.

கொண்டுவருவதுதான் பெரிய பாடு. ரயிலில் நாய், பூனை என்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் படுக்கிற கூபேயோ நாலு பேர் படுக்கிற கேபினோ முழுதாக நமக்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் போகவேண்டும், அதற்கு நான் விடமாட்டேன். கோவை எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பே கிடையாது, அதனால் ராத்திரி சேரன். இரண்டு டிக்கெட் எடுத்தால் கூபே கிடைக்கலாம், ஆனால் கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். கூடையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் பார்சல் ஆபீசில் பணம் கட்டி, கால்நடை டாக்டர் சான்றிதழைக் காட்டி, கடைசி நிமிடத்தில் கேபினில் இன்னும் இரண்டு பேரோடு போட்டுவிட்டால்? அவர்களில் ஒருவர் தும்மினால்? இவர் காரில் போகலாம் என்கிறார், ஐந்நூறு கிலோமீட்டர் மேஸ்திரி கத்துவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. விமானம் என்று யாழினி வாயைத் திறந்தாள், நான் மயிலை ஞாபகப்படுத்தினேன். சீக்கிரம் பதில் எழுதினால் டிக்கெட் போடுவேன்.

பத்மா பெண் கல்யாணத்துக்கு நீ வருகிறாய்தானே? அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வராதே, எனக்கும் அதே கலரில் எடுத்துவிட்டேன். கமலா வந்தால் என் பக்கத்தில் உட்காரவிடாதே.

அன்புடன்,
வசு